பாவ்நகர் தந்த இரு செல்வங்கள்: மழலையர் பள்ளியும் ஊராட்சியும்

ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் என்னைப் பணித்தபோது, என் தகுதியை எண்ணிச் சற்றே தயங்கினேன். பத்தாம் வகுப்புத் தேறியதோடு என் படிப்பு முடிந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக இரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தனாகப் பணியாற்றி வருகிறேன். வரலாறு எழுதப் புலமை வேண்டும். என்னிடம் உள்ளதோ கணக்கெழுதுவோனின் பழக்கம் ஒன்றே. எந்தப் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறிற்று, எந்த இடத்தில் கையெழுத்து விடுபட்டது என்று தேடும் பழக்கம் அது. அதனையே துணையாகக் கொண்டு, நம் நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொதுக் கல்வி யார் யார் கைக்கு மாறி வந்தது என்பதை எழுதப் புகுந்தேன். கற்றறிந்த அன்பர்கள் குறை பொறுத்தருள வேண்டும்.

இப்பொருளை நான் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன் இம்மாநிலத்தின் ஒரு சிறு நிலையத்தில் பணியில் இருந்தேன். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே தண்டவாளப் பராமரிப்புப் பணியாளர் ஒருவரின் நான்கு வயதுப் பெண் குழந்தை, நிலையத்திற்கு அப்பாலிருந்த அங்கன்வாடிக்குச் சென்று கொண்டிருந்தது. ஒரு மழைக்காலத்தில் அதன் ஓட்டுக்கூரை சரிந்தது. நல்வாய்ப்பாக அவ்வேளையில் உள்ளே எவரும் இல்லை. அன்று முதல் வேப்பமரத்தடியே பள்ளியாயிற்று. மழை வந்தால் பள்ளி இல்லை. குழந்தையின் தந்தை எழுதப் படிக்க அறியாதவர். மனு எழுதித் தருமாறு என்னிடம் வந்தார். இருவரும் சேர்ந்தே சென்றோம்.

ஊராட்சி அலுவலகத்தில், "கட்டடம் எங்களுடையதுதான், ஆனால் மையத்தை நடத்தும் துறையின் கடிதம் இல்லாமல் நாங்கள் தொட முடியாது" என்றனர். துறை அலுவலகத்தில், "ஊழியர்தான் எங்கள் பொறுப்பு, கூரைக்கான பணம் ஊராட்சி வழியாகவே வரும்" என்றனர். வட்ட அலுவலகத்திலோ, "மதிப்பீடு வந்துவிட்டது, ஒதுக்கீடு வரவில்லை" என்றனர். ஒருவரும் கடிந்து பேசவில்லை. மூன்று இடத்திலும் நாற்காலி தந்தனர். ஓரிடத்தில் தேநீரும் தந்தனர். ஒவ்வொருவர் சொன்னதும் உண்மையே. அப்படியே இரண்டு மழைக்காலங்கள் கழிந்தன. குழந்தைக்கு ஆறு வயதாயிற்று. இரண்டு வீட்டிலும் கலியாணம், இடையிலே பட்டினி கிடந்ததாம் நாய்க்குட்டி என்னும் பழமொழியின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

இரயில்வேயில் ஒரு பிரிவின் எல்லையைக் கடந்து மறு பிரிவுக்கு வண்டி செல்லும்போது, ஒவ்வொரு சரக்குப் பெட்டியும் எண் வாரியாகப் பதிவாகும். முன்பு பேரேட்டில் எழுதினோம். இன்று கணினியில் ஏற்றுகிறோம். இந்தப் பெட்டி இந்த நேரம் முதல் யாருடைய பொறுப்பு என்பதில் ஐயமே எழாது. ஒரு நிலக்கரிப் பெட்டிக்குள்ள இந்தப் பாதுகாப்பு ஒரு குழந்தைக்கு ஏன் இல்லாது போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது, வழி என்னை நாம் வாழும் இந்தக் கூர்ஜர நாட்டின் பாவ்நகருக்கே கொண்டு சேர்த்தது.

வழக்கறிஞர் ஆசிரியரானார்

கிஜுபாய் பதேகா 1885-இல் பிறந்தவர்; வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர். தமக்கு மகன் பிறந்தபின், அவனை எவ்வாறு வளர்ப்பது, எங்கே படிக்க வைப்பது என்ற கவலை அவரைப் பற்றிக்கொண்டது. பிரம்பும் மனப்பாடமும் கோலோச்சிய அக்காலத்துப் பள்ளிகள் அவருக்கு அச்சமூட்டின. இத்தாலிய நாட்டு மருத்துவ அம்மையார் மரியா மாண்டிசோரியின் கல்விமுறை பற்றிய நூல்களைப் படித்துத் தெளிந்தார். நானாபாய் பட் 1910-இல் நிறுவிய தட்சிணாமூர்த்தி என்னும் கல்வி நிலையத்தில் 1916-இல் சேர்ந்தார். 1920-இல் அங்கே பாலமந்திரைத் தொடங்கினார். அடியில்லை, அச்சமில்லை, கதையும் பாட்டும் விளையாட்டும் கைவேலையுமே பாடம். மக்கள் அவரை அன்புடன் "மீசை வைத்த அம்மா" என்றழைத்தனர். தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் கனவாக அவர் எழுதிய "திவாஸ்வப்னம்" இன்றளவும் பல மொழிகளில் படிக்கப்படுகிறது. 1939-இல் அவர் மறைந்தார். அதே ஆண்டில் மாண்டிசோரி அம்மையார் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தத் தொடங்கினார் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

இங்கே ஒன்றை நோக்குதல் வேண்டும். பாலமந்திர் அரசாங்கப் பள்ளியன்று, நகராட்சிப் பள்ளியுமன்று. நல்லோர் கொடையையும் ஆசிரியர்தம் தியாகத்தையும் நம்பி நின்ற பள்ளி அது. நடத்துவோரும் பொறுப்பேற்போரும் ஒருவராகவே இருந்தமையால் அங்கே கூரை யாருடையது என்ற கேள்வி பிறக்கவில்லை. ஆனால் அத்தகைய பள்ளி ஒன்றிரண்டு ஊர்களில் இருக்கலாமேயன்றி நாடெங்கும் பரவ இயலாது. நாடெங்கும் பரவ வேண்டுமானால் பொதுப்பணம் வேண்டும். பொதுப்பணம் வந்தால் அதன் சாவியை வைத்திருப்பவர் யார் என்ற கேள்வியும் உடன் வரும்.

ஆயிரம் விளக்கில் ஓரணாச் சிற்றுண்டி

பாலமந்திர் தோன்றிய அதே 1920-இல் சென்னை மாநகராட்சி ஓர் அரிய முடிவைச் செய்தது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியின் மாணவர்க்கு, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டுச் சிற்றுண்டி வழங்க மாமன்றம் செப்டம்பர் 16 அன்று ஒப்புதல் அளித்தது. நீதிக்கட்சித் தலைவர் சர். பி. தியாகராய செட்டியார் மாநகராட்சியை நடத்திய காலம் அது. திட்டம் மேலும் சில பள்ளிகளுக்குப் பரவிற்று. பிள்ளைகளின் வருகையும் பெருகிற்று. பின்னர், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்யலாகாது என்று மேலிருந்து தடை வந்தது. 1925 ஏப்ரல் முதல் நாளோடு திட்டம் நின்றது.

அது தொடக்கப்பள்ளியைப் பற்றியது, மழலையர் பள்ளியைப் பற்றியதன்று என்று சிலர் கூறலாம். ஆயினும் நான் சொல்ல வந்த செய்தியின் வித்து அதில்தான் உள்ளது. பிள்ளை பசியோடு வருவதைக் கண்டது, அருகிலிருந்த உள்ளாட்சி. பணத்துக்குத் தடை விதித்தது, தொலைவிலிருந்த அரசாங்கம். கண் ஓரிடத்திலும் பணப்பை வேறிடத்திலுமாக இருந்தன. பிற்காலத்தில் காமராசர் மதிய உணவைப் பரப்பியபோதும், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கண்டபோதும், மாநில அரசே பணப்பையைத் திறந்தமையால் திட்டங்கள் நிலைத்தன. ஆனால் அவற்றின் ஆட்சிப் பொறுப்பும் உள்ளாட்சியை விட்டு மேலே சென்றது.

முற்றமே பள்ளி

பாவ்நகரில் கிஜுபாயுடன் 1923 முதல் பணியாற்றியவர் தாராபாய் மோடக். இருவரும் சேர்ந்து 1926-இல் நூதன பால சிக்ஷண சங்கம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். பின்னர் அம்மையார் பம்பாய் சென்று, தாதரில் 1936-இல் சிசு விஹார் பள்ளியைக் கண்டார். மழலைக் கல்வி நகரத்துச் செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்று உணர்ந்து, 1945-இல் கடற்கரைச் சிற்றூராகிய போர்டிக்குக் குடிபெயர்ந்தார். மும்பைக்கும் சூரத்துக்கும் இடையே கோல்வட் நிலையத்தில் இறங்கினால் அவ்வூருக்குச் செல்லலாம். நம்மில் பலர் அதனை உறக்கத்திலேயே கடந்திருப்போம்! அனுதாய் வாக் என்னும் இளம் ஆசிரியை அவருக்குத் துணையானார்.

போர்டியில் பள்ளி திறந்தும் ஏழைக் குடியிருப்புகளின் குழந்தைகள் வரவில்லை. ஊர் நடுவே உள்ள கட்டடத்திற்கு வர அக்குழந்தைகளுக்குக் கூச்சம். அவர்தம் தாய்மார்க்கு அச்சம். பிள்ளை பள்ளிக்கு வராவிடில் பள்ளி பிள்ளையிடம் போகட்டும் என்று அம்மையார் துணிந்தார். குடியிருப்பின் முற்றத்திலேயே குழந்தைகளைக் கூட்டிக் குளிப்பாட்டி, தலைவாரிவிட்டு, கதை சொல்லிப் பாடம் நடத்தினர். கடையில் வாங்கிய கருவிகளுக்கு மாறாகக் கூழாங்கல்லும் இலையும் விதையும் கிளிஞ்சலுமே பாடக்கருவிகளாயின. அங்கன் என்பது முற்றம். வாடி என்பது தோட்டம், குடியிருப்பு. அங்கன்வாடி என இன்று தமிழ்நாட்டுக் கிராமத்துப் பாட்டியும் கூறும் சொல் இவ்வழி வந்ததே. பின்னர் இப்பணி கோஸ்பாட் மலைப்பகுதியின் பழங்குடி மக்களிடையே தொடர்ந்தது. 1962-இல் தாராபாய் அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

இந்த வரலாறு ஊராட்சியைப் பற்றியும் ஓர் உண்மையை உணர்த்துகிறது. ஊருக்கு அருகில் இருப்பது நன்மைதான். ஆயினும் ஊரின் மேடு பள்ளங்கள் ஊராட்சிக்குள்ளும் இருக்கும். அங்கன்வாடி எந்தத் தெருவில் அமைய வேண்டும் என்பது பல ஊர்களில் வழக்காகிறது. வலியோர் தெருவில் அமைந்தால் எளியோர் குழந்தை தயங்கும். எளியோர் தெருவில் அமைந்தால் வலியோர் தம் குழந்தையை அனுப்பார். போர்டியில் தாராபாய் எதிர்கொண்ட இச்சிக்கல் இன்றும் முற்றிலும் தீர்ந்ததாகச் சொல்ல முடியாது.

மூன்று அக்டோபர் இரண்டுகள்

விடுதலைக்கு முன்பே, 1944-இல் வெளிவந்த சார்ஜண்ட் அறிக்கை, பத்து இலட்சம் குழந்தைகளுக்கு இலவச மழலைக் கல்வி தர வேண்டும் என்று திட்டமிட்டது. நாடு விடுதலை பெற்றபின் எழுந்த அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு, 14 வயது நிரம்பும்வரை அனைவர்க்கும் பத்து ஆண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. தொடக்க வயது இன்னதென்று அது வரையறுக்கவில்லை. ஆனால் நடைமுறையில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டோரை எவரும் தம் கணக்கில் சேர்க்கவில்லை. 1953-இல் துர்காபாய் தேஷ்முக் அம்மையார் தலைமையில் அமைந்த மத்திய சமூகநல வாரியம் தொண்டு நிறுவனங்களுக்கு நிதியுதவி தந்து பாலவாடிகளை ஊக்குவித்தது. சிற்றூர் வளர்ச்சிப் பணியினூடே மாதர் சங்கங்களும் பாலவாடி நடத்தின. நிதி வந்த ஆண்டில் பாலவாடி நடந்தது. வராத ஆண்டில் மூடப்பட்டது.

அன்பர்கள் மூன்று நாள்களை நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிற்று. அத்திட்டத்தில் மக்களின் பங்கு போதவில்லை என்று கண்டு, அதனை ஆராய ஒரு குழு அமைந்தது. அதன் தலைவர் பல்வந்தராய் மேத்தா. அவர் பிறந்த ஊரும் பாவ்நகரே! மூன்றடுக்கு ஊராட்சி வேண்டும் என்று அக்குழு 1957-இல் பரிந்துரைத்தது. 1959 அக்டோபர் 2 அன்று இராஜஸ்தானத்து நாகௌரில் பிரதமர் நேரு புதிய ஊராட்சி முறையைத் தொடங்கி வைத்தார். பின்னர் மேத்தா குஜராத்தின் முதலமைச்சரானார். 1965 போரின்போது அவர் சென்ற விமானம் கச்சுப் பகுதியில் சுட்டு வீழ்த்தப்பட்டு உயிர் நீத்தார். மூன்றாவது நாள் 1975 அக்டோபர் 2. அன்றுதான் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 33 வட்டாரங்களில், 4,891 அங்கன்வாடிகளுடன் தொடங்கிற்று.

மூன்றும் காந்தியடிகளின் பிறந்த நாளில் தோன்றியவை. மூன்றும் சிற்றூரையே நோக்கியவை. ஒரே ஊர் மழலைக் கல்விக்கு ஒரு தந்தையையும் ஊராட்சிக்கு ஒரு தந்தையையும் தந்தது. ஆயினும் அவ்விருவர் பெற்ற பிள்ளைகளும் ஒரு கூரையின் கீழ் வாழவில்லை என்பதே நம் வரலாற்றின் வருத்தத்திற்குரிய பகுதி.

குஜராத்தில் 1963-இல் மூன்றடுக்கு ஊராட்சி நடைமுறைக்கு வந்தபோது, தொடக்கப் பள்ளிகள் மாவட்ட ஊராட்சியின் கையில் வந்தன. மழலையர் பள்ளியோ தொண்டு நிறுவனத்தின் கையிலேயே நின்றது. 1975-இல் அங்கன்வாடி வந்தபோது அது தில்லியிலிருந்து வகுத்து அனுப்பப்பட்ட திட்டமாக வந்தது. சத்துணவின் செலவு மாநிலத்துக்கு, ஏனைய செலவு மத்திய அரசுக்கு என்று பணம் பிரிந்தது. இன்றோ பெரும்பாலான மாநிலங்களில் பொதுச் செலவு அறுபதுக்கு நாற்பதாகவும், உணவுச் செலவு சரிபாதியாகவும் பங்கிடப்படுகின்றன. இப்பங்கீட்டில் ஊராட்சிக்கென்று ஒரு வரி இல்லை.

திட்டத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. இன்று நாட்டில் ஏறத்தாழ 14 இலட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. உலகில் இதற்கிணையான அமைப்புகள் மிகச் சிலவே. பஞ்சத்திலும் வெள்ளத்திலும் பெருந்தொற்றிலும் வீடு வீடாகச் சென்றவர் அதன் ஊழியரே. ஆனால் அவர் தலையில் ஏற்றிய சுமைகள் ஆறு: துணையுணவு, தடுப்பூசி, உடல்நலச் சோதனை, மருத்துவமனைக்கு அனுப்புதல், தாய்மார்க்கு நலவாழ்வுக் கல்வி, மழலைக் கல்வி. உணவு தவறினால் ஊர் கேட்கும். தடுப்பூசி தவறினால் மருத்துவர் கேட்பார். கதையும் பாட்டும் தவறினால் கேட்பார் எவருமில்லை. எனவே ஆறில் எது கடைசியில் நிற்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

சட்டம் தந்ததும் தராததும்

1992-இல் நிறைவேறிய 73-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் சிற்றூராட்சிகளுக்கு 29 துறைகளைக் குறித்துக் காட்டியது. அவற்றுள் கல்வியும் உண்டு; மகளிர், குழந்தைகள் வளர்ச்சியும் உண்டு. நகராட்சிகளுக்கான 74-ஆம் திருத்தமோ 18 துறைகளைக் குறித்தது. அப்பட்டியலை நான் இருமுறை படித்துப் பார்த்தேன். சாலை உண்டு, தெருவிளக்கு உண்டு, இடுகாடு உண்டு, கால்நடைப் பட்டி உண்டு, இறைச்சிக்கூடம் உண்டு. கல்வியை வளர்த்தல் என்று பொதுவாக ஒரு சொல்லும் உண்டு. ஆனால் குழந்தைகள் வளர்ச்சி என்று தனியே ஒரு துறை இல்லை! நம்மைப்போல் நகரங்களில் வாழ்வோர் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

சிற்றூருக்குத் தந்ததும் முழுமையன்று. துறைகளைக் குறித்துக் காட்டலாம். அவற்றை உண்மையில் ஒப்படைப்பது மாநிலத்தின் விருப்பம். பல மாநிலங்களில் ஒப்படைத்தது சுவரையும் குழாயையும்தான். ஆளையும் பணத்தையும் அன்று. 2002-இல் வந்த 86-ஆம் திருத்தம், ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. ஆறு வயதுக்குட்பட்டோரை, அரசு முயல வேண்டிய நெறிமுறைப் பகுதியில் வைத்தது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வியில் உள்ளாட்சி ஆற்ற வேண்டிய கடமைகளை 9-ஆம் பிரிவில் வரிசையாகச் சொல்கிறது. மழலைக் கல்வியைப் பேசும் 11-ஆம் பிரிவிலோ, உரிய அரசு ஏற்பாடு "செய்யலாம்" என்ற அளவே உள்ளது. உள்ளாட்சியின் பெயரே அங்கில்லை. "செய்ய வேண்டும்" என்பதற்கும் "செய்யலாம்" என்பதற்கும் உள்ள வேறுபாடு எழுத்தர்களுக்கு நன்கு தெரியும். முன்னது மேசைமேல் இருக்கும் கோப்பு. பின்னது அலமாரிக்குள் போகும் கோப்பு.

ஆசிரியை யாருடைய ஊழியர்?

கட்டடத்தினும் கடினமானது ஆசிரியையின் நிலை. அங்கன்வாடிப் பணியாளர் பெறுவது ஊதியமன்று, மதிப்பூதியம். மத்திய அரசு தன் கணக்கில் வரையறுத்த தொகை 2018 அக்டோபரில்தான் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாயிற்று. மாநிலங்கள் தத்தம் வசதிக்கேற்பக் கூட்டித் தருகின்றன. இவர்கள் அரசுப் பதவி வகிப்போர் அல்லர் என்று உச்சநீதிமன்றம் 2006-இல் ஒரு கர்நாடக வழக்கில் தீர்ப்பளித்தது. அப்படியானால் இவர்கள் யாருடைய ஊழியர்?

இக்கேள்வி நமக்கு அண்மையிலுள்ள தாகோத் மாவட்டத்திலிருந்து மீண்டும் தில்லி சென்றது. பல்லாண்டு உழைத்து ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பெண்கள் பணிக்கொடை கேட்டனர். எதிர்த்து நின்றவர் மாவட்ட ஊராட்சியின் தலைமை அலுவலராகிய மாவட்ட வளர்ச்சி அதிகாரி. இவர்கள் தொண்டாகப் பணிசெய்வோர், ஊழியர் அல்லர் என்பது எதிர்வாதம். 2022 ஏப்ரல் 25 அன்று உச்சநீதிமன்றம், 1972-இன் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அங்கன்வாடிகள் மழலைக் கல்வியும் நடத்துகின்றன என்பதை நீதியரசர்கள் எடுத்துக்காட்டியதுதான் இதில் குறிப்பிடத்தக்கது. ஆசிரியை என்று ஊர் ஏற்பதற்குமுன் நீதிமன்றம் ஏற்றது எனலாம்.

பணிக்கொடைக்கும் குழந்தையின் படிப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பெரிய தொடர்பு உண்டு. யாருடைய ஊழியர் என்று தெரியாத ஆசிரியைக்கு யார் பயிற்சி தருவார்? அவர் நோயுற்றால் மாற்று ஆசிரியையை யார் அனுப்புவார்? அவர் பாடம் நடத்தாவிடில் யார் கேட்பார்? ஊராட்சித் தலைவர் கேட்டால், "நீர் என் அதிகாரி அல்லீர்" என்று அவர் சொல்ல முடியும். அதிகாரியோ பல மையங்களுக்கு ஒருவர். மாதம் ஒருமுறை வந்தால் அதுவே மிகுதி.

அண்மைக்காலத்தில் மற்றொரு பிரிவினையும் தோன்றியுள்ளது. தமிழ்நாட்டில் 2019 சனவரியில் நடுநிலைப்பள்ளி வளாகங்களிலிருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. மையம் சமூகநலத் துறையினுடையது. ஆசிரியர் பள்ளிக்கல்வித் துறையினர். 2022-இல் இவ்வகுப்புகளை யார் நடத்துவது என்ற குழப்பம் எழுந்து, முடிவு மாறி, பின்னர் மதிப்பூதியத்தில் சிறப்பாசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். குஜராத்திலும் 2023 முதல் ஆறு வயது நிரம்பினாலன்றி ஒன்றாம் வகுப்பில் சேரலாகாது என்று ஆனபின், ஐந்து வயதுக் குழந்தைக்குப் பள்ளியில் பாலவாடிகா வந்தது. மூன்று வயதில் ஒரு துறை. ஐந்து வயதில் வேறு துறை. குழந்தை எல்லை கடக்கிறது. ஒப்படைப்புப் பதிவேடுதான் இல்லை.

கேரளம் காட்டிய வழி

இதற்கு மாற்று உண்டா எனில், தமிழ்நாட்டின் அண்டை மாநிலமாகிய கேரளத்தைச் சுட்டலாம். 1996 ஆகஸ்டில் அங்கே மக்கள் திட்ட இயக்கம் தொடங்கிற்று. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளின் கையில் வந்தது. அங்கன்வாடிகளும் ஊராட்சிப் பொறுப்பில் வந்தன. அதாவது குழந்தையும் பணப்பையும் ஏறக்குறைய ஒரே வாயிலில் வந்து நின்றன. ஊராட்சிகள் கட்டடம் எழுப்பின. நிலம் இல்லாத இடத்தில் ஊரார் சிலர் தம் மனையில் சில செண்டுகளைத் தானமாகத் தந்தனர். உணவுச் செலவிலும் பணியாளர் மதிப்பூதியத்திலும் உள்ளாட்சிகள் பங்கேற்றன. தம் வார்டின் அங்கன்வாடிக் கூரை ஒழுகினால் யாரைக் கேட்பது என்று அங்குள்ள தாய்க்குத் தெரியும்.

அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. ஊராட்சித் தலைவரின் கண்ணுக்குக் கட்டடம் தெரியும் அளவு பாடம் தெரியாது. திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். ஒரு குழந்தை கதை கேட்டுச் சிரித்ததைக் கல்வெட்டில் பொறிக்க இயலாது. வருமானமுள்ள ஊராட்சிக்கும் வறிய ஊராட்சிக்கும் இடையே மையங்களின் தரம் வேறுபடும். ஆகவே எல்லாவற்றையும் ஊராட்சியிடம் தந்துவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. பாடத்திட்டமும் பயிற்சியும் ஊதியமும் வறிய ஊருக்கான கூடுதல் நிதியும் மேலிருந்தே வரவேண்டும். கூரை, குடிநீர், வருகை, அன்றாட மேற்பார்வை ஆகியவை ஊராட்சியின் கையில் இருக்க வேண்டும். எது எவருடையது என்பது, நம் சரக்குப் பெட்டியைப் போல், எழுத்தில் இருக்க வேண்டும். இதுவே நான் கண்ட வரலாற்றின் சாரம். பொறுப்பை ஒருவரிடமும் அதிகாரத்தை மற்றொருவரிடமும் வைத்த ஒவ்வொரு முறையும், 1925-இல் ஆயிரம் விளக்கில் நடந்ததே மீண்டும் நடந்தது.

நமக்கு என்ன?

நம் காலனிப் பிள்ளைகள் எல்.கே.ஜி.க்குக் கட்டணம் கட்டிச் செல்கின்றனர். இவ்விவாதம் நமக்கு எதற்கு என்று சில அன்பர்கள் எண்ணலாம். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் குழந்தை எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நானும் அச்சிறு நிலையத்துக்குச் செல்லும்வரை கேட்டதில்லை. குஜராத்தி மண் நமக்கு உணவு தருகிறது. அதன் குழந்தைகளுக்கு நாம் ஏதேனும் செய்வது கடன். நம் சங்கக் கூடம் காலை ஒன்பது மணி முதல் பிற்பகல்வரை பூட்டியே கிடக்கிறது. கூரையில்லாத அங்கன்வாடி ஒன்றுக்கு மழைக்காலத்தில் அதனைத் திறந்துவிடலாமா என்று செயற்குழு எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். வார்டுக் கூட்டத்தில் சாக்கடையையும் தெருவிளக்கையும் கேட்கும் நாம், அங்கன்வாடியைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம். கேட்பார் இல்லாத பணிதான் ஆறில் கடைசியாக நிற்கிறது.

சென்ற ஆண்டு அலுவல் காரணமாக அச்சிறு நிலையத்தில் ஒரு பகல் தங்க நேர்ந்தது. அங்கன்வாடிக்குப் புதிய கூரை வந்திருக்கிறது. அதே அம்மையார்தான் பணியில் இருந்தார். என்னை அடையாளம் கண்டு, பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். கூரை இல்லாத அந்த இரண்டு ஆண்டுகளிலும் ஒரு நாள்கூட விடாமல் அவர் எழுதியிருந்தார். பல நாள்களில் ஒரே வரிதான்: "இன்று மழை. குழந்தைகள் வரவில்லை." அந்தப் பெண் குழந்தை இப்போது பெரியவளாகிப் பள்ளிக்குச் செல்கிறாள், வாசிக்கத் தொடங்கியதே மூன்றாம் வகுப்பில்தான் என்று அவள் தந்தை கூறினார்.

அந்தப் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஆசிரியையின் கையெழுத்து இருந்தது. மேலதிகாரிக்கென்று விட்டிருந்த இடம் மட்டும் வெறுமையாகவே இருந்தது. அந்த இடத்தில் கையெழுத்திட வேண்டியவர் யார் என்று இந்நாடு தீர்மானிக்கும் நாளே, பாவ்நகர் தந்த இரு செல்வங்களும் ஒரு கூரையின்கீழ்ச் சேரும் நாள்.

வாழ்க மழலையர்! வளர்க நம் சங்கம்!